டேங்க் ரப்பரும் எதிர்வீட்டு நாயும்

என்னங்க,

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் பஸ் போய்விடும், கிளம்புகிறேன். சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தால் கை தேய்ந்துவிடாது.

பதினொரு மணிக்கு உங்கள் பைக் நண்பர் வரும்போது, அந்த ரப்பரைப் பற்றி மட்டும் அளக்காதீர்கள். பழைய வண்டிக்கு "அச்சு அசல் அந்தக் காலத்துத் தரம்" என்று நீங்கள் வரவழைத்துப் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைத்தீர்களே, அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நீங்கள் வெளியூர் போயிருந்தபோது வண்டியை எடுத்தேன். (நான் தொடக் கூடாதுதான், தெரியும்.) டேங்க் கடகடவென்று ஆடியது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து கிடந்தது. நான்தான் வேறு ரப்பர் வெட்டி வைத்தேன்.

நீங்கள் வந்து ஓட்டிவிட்டு, "பாத்தியா, சத்தமே இல்ல! தரம்னா இதுதான்!" என்று குழந்தை மாதிரி சிரித்தீர்கள். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. இப்போது நண்பரும் அதே கடையில் வாங்கப் போகிறாராம். பாவம், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பி.கு.: நான் வெட்டியது என் இடது கால் செருப்பை.

அதை எதிர்வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போனீர்களே, அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாய்க்கு நான் பிஸ்கட் வாங்கி வருகிறேன்.

இன்னொன்று: வலது கால் செருப்பைக் காகிதத்தில் சுற்றி வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன். நண்பருக்குக் கொடுங்கள். அச்சு அசல் அதே தரம்.