அலியாரின் வயிற்றில் கசியும் பித்தமும் வைத்தியரின் பிடிவாதமும்

அனுப்புநர்:
க. கோணாமலை,
துறைமுகச் சுமை இறக்கும் தொழிலாளி,
திருகோணமலை நகரம்.

பெறுநர்:
உதவி அரசாங்க அதிபர் அவர்கள்,
அரசாங்கக் கச்சேரி, திருகோணமலை.

பொருள்: கிண்ணியா அலியாரை இன்றே படை வைத்தியசாலைக்கு மாற்றிச் சத்திரசிகிச்சை செய்விக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என்னோடு வேலை செய்யும் அலியார், சென்ற மாதம் கப்பலிலிருந்து இறக்கிய மரப்பெட்டி வடம் அறுந்து மோதியதில் வலது விலாவுக்குக் கீழே அடிபட்டார். தோலில் கீறல் இல்லை. ஆகவே அடியும் இல்லை என்று எங்கள் தொழிலாளர் மருந்துச்சாலை வைத்தியர் தீர்த்துவிட்டார். யுத்த காலத்தில் படுத்துக்கிடக்க ஆசைப்படுகிறவன் என்ற பட்டமும் கொடுத்தார்.

2. பிறகு கண் மஞ்சளித்தது, வயிறு வீங்கியது, மலம் சுண்ணாம்பாய் வெளிறியது. வைத்தியர் வயிற்றைத் தொடவில்லை. வாசலில் நின்றபடியே, கள் குடித்து ஈரல் கெட்டது என்றார். ஐந்து நேரமும் தொழுகிற மனிதரைப் பற்றி! கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்த அவர் மனைவி ரபீக்கா, "கள்ளு மணமே அவருக்கு ஆகாது ஐயா" என்றார். "எல்லாப் பெண்டுகளும் இதைத்தான் சொல்லுறது" என்பதே வைத்திய சாஸ்திரம் தந்த பதில். அலியார் என்னிடம் சொன்னது: "கோணாமலை, குடிச்சிருந்தாலாவது இந்த வயித்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்குமே."

3. மூச்சு முட்டிய பிறகுதான் ஊசி குத்தி நீரெடுத்தார்கள். பாத்திரத்தில் விழுந்தது பச்சை கலந்த கடும் மஞ்சள். அங்கு வந்திருந்த படைச் சத்திரவைத்தியர் அதைப் பார்த்ததும், இது பித்தம், அடியில் பித்தக்குழாய் கிழிந்து வயிற்றுக்குள் கசிகிறது, திறந்து குழாய் வைத்து வடிக்கவேண்டும், நானே செய்கிறேன் என்றார். படையில் இல்லாதவரைப் படை வைத்தியசாலையில் சேர்க்க எங்கள் வைத்தியரின் கடிதம் ஒன்றே வேண்டும்.

4. கடிதம் எழுதினால் கள்ளுக் கதை பொய்யாகிவிடும். ஆகவே அவர் எழுதவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கச் சொன்னார். ஈரல் மருந்தை இரட்டிப்பாக்கினார். அவருடைய மானம் தப்பியது. அலியாரின் வயிறு மறுபடி நிரம்புகிறது.

5. நேற்று முதல் குளிர்காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. பித்தத்தில் கிருமி பிடித்தால் பிழைக்க ஏலாது என்று படை வைத்தியர் முன்பே எச்சரித்திருக்கிறார். விசாரணை கேட்டு இங்கு வரவில்லை; அது பிறகு ஆறுதலாக நடக்கட்டும். அந்தக் கடிதத்தைத் தங்கள் அதிகாரத்தில் தாங்களே எழுதுங்கள், அல்லது அவரை எழுதவையுங்கள். வண்டி கேட்கவில்லை, ஆள் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கிப் போக நாங்கள் நால்வர் இருக்கிறோம்.

கச்சேரி வாசலில் பதிலுக்கு நிற்கும்,
க. கோணாமலை

திருகோணமலை,
17 ஆகஸ்ட் 1943.