பன்றிக்குப் பூசிய பவுடர்

16-2-1963, சனி

இன்று கால்நடைக் கண்காட்சியில், எங்கள் வீட்டோடு இருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ரோசி, தன் வெள்ளைப் பன்றியை நிறுத்தினாள். ஐந்து மாதமாகத் தவிடும் கஞ்சியும் வைத்து அவளே வளர்த்தது. அதன் முதுகு வெயிலில் சிவந்திருந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான்தான் என் குழந்தையின் பவுடரை அதில் தடவினேன்.

பரிசுக்குத் தேர்வு செய்ய வந்த மாட்டு டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்தார். அவர் உள்ளங்கை வெளுத்துவிட்டது.

"என்ன பாப்பா, பன்னிக்குக் கல்யாணமா? யாரு பூசினது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் அங்கே நின்றார்கள். பவுடர் ஒட்டியிருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். ரோசி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நாந்தான் சார்."

"வெயில்ல செவந்தா குத்தமில்ல. மறைச்சதுதான் தப்பு." பரிசு இல்லையென்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில், "ஏண்டி அப்படிச் சொன்னே?" என்றேன்.

"ஒங்களப் பாத்துச் சிரிச்சா நீங்க அழுதுருவீங்க. நா அழ மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பன்றியைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டால், சோப்பு பட்டதாம்.

திங்கட்கிழமை டீச்சர்களிடம் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். டாக்டரிடமும். அதற்கு முன்னால், விடிந்ததும், ரோசியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.