யாருக்கும் சொல்லாத மூன்று மாதம்

10 மார்ச் 2025, திங்கள். அரியலூர்

இரண்டு கோடு. காலையில் ஒருமுறை, பத்து மணிக்கு இன்னொருமுறை. இரண்டு தடவையும் இரண்டு கோடு. அசோக் ஆலைக்குப் போன பிறகுதான் பார்த்தேன். போனில் சொன்னதும் அங்கே ஏதோ லாரி ஹாரன். "என்ன கோடு? எந்த ரோட்டுல?" என்றார். சிமெண்ட் ஆலை என்ஜினீயரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

அத்தை ஆண்டிமடத்தில் தன் முந்திரித் தோப்பை விட்டுவிட்டு மகனோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். நான் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசினார். "மூணு மாசம் முடியட்டும் தென்றலு. யாருக்கும் சொல்லாத. போன தடவ ஊரெல்லாம் சொல்லித்தான் கண்ணு பட்டுச்சு."

போன தடவை ஏழாவது வாரம். கம்பெனிக்கு அன்றைக்கே சொன்னேன். அன்றைக்கே துணை விமானி இருக்கையிலிருந்து இறக்கிவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை, கேப்டன் பயிற்சிக்கான பட்டியலில் என் பெயரும் தங்கவில்லை. மறுபடி பறக்க மூன்று மாதம் ஆனது. இந்த வருடப் பட்டியல் ஏப்ரல் 30 அன்று வருகிறது.

நாளை சாயங்காலம் சென்னை. புதன்கிழமை கொச்சி, அங்கிருந்து ஹைதராபாத். யாருக்கும் சொல்லப்போவதில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டுமல்லவா?

22 மார்ச், சனி. பெரம்பலூர்

ஸ்கேன் எடுத்தாயிற்று. துடிப்பு இருக்கிறது. அசோக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

இங்கிருந்து குரும்பலூர் பத்து நிமிடம். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். ஊர்ப் பக்கம் வந்தும் வீட்டுக்குப் போகாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை.

6 ஏப்ரல், ஞாயிறு. சென்னை

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் டேப்லெட்டில் ஒரு கேள்வி வரும். "பறப்பதற்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறேன்." பக்கத்தில் ஒரு கட்டம். விரலால் தொட வேண்டும். மூன்று வருடமாகப் படிக்காமலே தொட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு நாளும் படித்துவிட்டுத் தொடுகிறேன்.

இன்று கோயம்புத்தூரில் இறங்கியதும் வாந்தி. கேப்டன், "என்னம்மா, இட்லி சேரலையா?" என்றார். "ஆமா சார், சட்னி" என்றேன். எவ்வளவு சரளமாக வருகிறது!

விதி எனக்குத் தெரியாதா? கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கம்பெனி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று தலை சுற்றினால்? கேப்டன் இருக்கிறார். கேப்டனுக்கும் சேர்ந்து ஏதாவது ஆனால்? அதற்குத்தானே இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறார்கள். போதும். தூங்கு.

30 ஏப்ரல், புதன்

நான்காவது பெயர் என்னுடையது.

5 மே, திங்கள். அரியலூர்

மூன்று மாதம் முடிந்தது என்று அத்தை ஆண்டிமடத்திலிருந்து வந்து கேசரி கிளறினார். நான் கம்பெனி டாக்டருக்கு மெயில் அனுப்பினேன். சனிக்கிழமை எடுத்த ஸ்கேனையும் இணைத்தேன். வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. இனி குழந்தை பிறந்து மறுபடி தகுதி வாங்கும்வரை தரைதான். பரவாயில்லை. பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு ஒரு வருடம் வரை இடம் காத்திருக்கும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா, "ரொம்ப லேட்டா சொல்றியே பாப்பா" என்றார்.

9 மே, வெள்ளி

நான் முட்டாள்.

சனிக்கிழமை ஸ்கேனின் கடைசி வரியில், "22 மார்ச் ஸ்கேனுடன் ஒப்பிடும்போது வளர்ச்சி சரியாக உள்ளது" என்று இருக்கிறதாம். நான் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். கம்பெனி டாக்டர் படித்திருக்கிறார். மார்ச் 22க்குப் பிறகு நான் எத்தனை நாள் பறந்தேன் என்று கேட்டு மெயில். அந்தக் கணக்கு அவர்களிடமே இருக்கிறது. இருந்தும் என் வாயால் வர வேண்டுமாம்.

12 மே, திங்கள்

விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கம். பட்டியலில் பெயர் நிறுத்திவைப்பு. ராஜினாமா செய்யக் கூடாது. வேறு கம்பெனியில் சேரக் கூடாது. தெரிவித்திருக்கும் முகவரியை விட்டு அனுமதியில்லாமல் வெளியூர் போகக் கூடாது.

ஒப்பந்தத்தை இன்றுதான் முழுசாகப் படித்தேன். நாற்பத்தொரு பக்கம். 2022இல் வேலைக்கு எடுத்தபோது பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருடம் வேறெங்கும் போக மாட்டேன் என்று. பறக்காத நாள் கணக்கில் சேராது என்பது முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அன்று ஜாமீன் கையெழுத்துப் போட வந்த அப்பா, முத்திரைத்தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். கம்பெனி ஆள் ரஞ்சித்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு புதுத் தாள் வாங்கிவரச் சொன்னான். எவ்வளவு சிரித்தோம்!

18 ஜூன், புதன்

பெயர் தென்றல். வேலை வானத்தில். இருப்பது மின்விசிறிக்கு அடியில். இன்று கரண்ட் வேறு இல்லை.

தெருக்கோடியில் சிமெண்ட் லாரிகள் போகும்போது ஜன்னல் அதிரும். சத்தத்தை வைத்தே காலியா, லோடா என்று சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் வேலை பார்த்தவளுக்கு இப்போது இதுதான் திறமை.

அம்மாவுக்குக் காய்ச்சல். குரும்பலூர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அனுமதி கேட்டு மெயில் போட்டேன். நான்காவது நாள்தான் பதில் வந்தது. அதற்குள் காய்ச்சலே போய்விட்டது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கும் அத்தை சொன்னார், "அம்மா வூட்டுக்குப் போவ அரியலூர் மாமியாகிட்ட கேட்டாப் பத்தாதா? பிளேன் கம்பெனி மாமியாகிட்டயும் கேக்கணுமா?" வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். என்னத்துக்கு அழுவுறேன்னு எனக்கே தெரியல. எங்கயும் போவ முடியல. இருக்கவும் முடியல.

7 ஜூலை, திங்கள்

கேப்டன் சுதர்சன் கூப்பிட்டார். விசாரணைக் குழுவில் மூன்று பேர், அவர்களில் இவர் ஒருவர். திருச்சிக்காரர். என்மேல் கொஞ்சம் பரிவு உண்டு.

"இத நான் சொன்னதா வெளிய போகக் கூடாது. வீட்டுல பெரியவங்க சொல்லக்கூடாதுன்னு கட்டாயப்படுத்தினாங்கன்னு எழுதிக் குடும்மா. மாமியார் கையால ஒரு கடுதாசி வாங்கு. நம்ம பக்கம் மூணு மாசம் மறைக்கிற பழக்கம் இருக்குன்னு நான் எடுத்துச் சொல்றேன். எச்சரிக்கையோட முடிஞ்சிடும். பட்டியல்லயும் பேர் நிக்கும்."

கடிதம் இல்லாவிட்டால்? "அப்ப ரொம்ப கஷ்டம்மா."

9 ஜூலை, புதன்

அசோக் நேற்று ராத்திரி அத்தையிடம் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்து வந்தால் கடிதம் மேசைமேல் இருக்கிறது. கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில்:

"என் மருமகள்மேல் தப்பு இல்லை. கம்பெனிக்கும் சொல்லக்கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். இப்படிக்கு, சாந்தா."

"சத்தியமெல்லாம் எப்ப வாங்குனீங்க அத்தை?"

"சும்மா சொன்னேன்னு எழுதுனா அவங்க நம்புவாங்களா? கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும்."

கேப்டன் சுதர்சனுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை விசாரணையில் அத்தையும் வீடியோவில் வந்து சொன்னால் நல்லது என்று பதில்.

10 ஜூலை, வியாழன்

எழுதிவிட வேண்டும். இதில்கூடப் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மை இருக்கும்?

மார்ச் 10ஆம் தேதி அத்தை சொன்னதை நான் பாதிதான் எழுதியிருக்கிறேன். இப்போது புரட்டிப் பார்த்தேன். "யாருக்கும் சொல்லாத... கண்ணு பட்டுச்சு" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல் அத்தை சொன்னது: "கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் சொல்லிடு, உன் வேல அப்படி. ஊருக்குத்தான் சொல்லக்கூடாது."

தெளிவாகச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். அன்று ராத்திரி நோட்டை எடுத்தபோது அந்த வரியை எழுதாமல் விட்டேன். மறந்துபோய் விடவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள் இதை? யாருக்காக மறைத்தேன்?

அத்தைக்குப் பயந்து மறைக்கவில்லை. கண்ணேறுக்கும் பயப்படவில்லை. அந்தப் பட்டியலுக்காக மறைத்தேன். போன தடவை உண்மையைச் சொல்லி இரண்டையும் இழந்த கோபம். இந்தத் தடவை ஒன்றாவது கையில் நிற்கட்டும் என்று நினைத்தேன். நூற்றெண்பது பேரை நினைக்கவில்லை.

அத்தைக்கும் அது ஞாபகம் இருக்கும். முந்திரிக்கொட்டை எத்தனை மூட்டை என்று ஐந்து வருடத்துக்கு முந்தியதைச் சொல்கிறவருக்கு இதா மறக்கும்? ஒரு வார்த்தை கேட்கவில்லை என்னை.

14 ஜூலை, திங்கள்

காலையில் சமையலறையில் பேச்சுக் குரல். உள்ளே வேறு யாருமில்லை. அத்தை பருப்பைக் கடைந்துகொண்டே சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: "ஆமாங்க சார். நாந்தாங்க சார். அது சொல்றேன்னுதான் சொல்லுச்சு, நாந்தான் உடல." கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவை. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. வாழ்க்கையில் முதல்தடவையாக ஆபீசர்களுக்கு முன்னால் பேசப்போகிறார், அதுவும் தான் செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள.

பதினொரு மணிக்கு லேப்டாப்பில் மூன்று முகங்கள். அத்தை என் பக்கத்து நாற்காலியில், கையை மடியில் கோத்துக்கொண்டு. கேப்டன் சுதர்சன், "உங்க மாமியார்ட்ட முதல்ல கேட்டுரலாமா?" என்றார்.

"வேணாம் சார். அவங்க கம்பெனிக்குச் சொல்லத்தான் சொன்னாங்க. நான்தான் சொல்லல. அந்தக் கடிதத்த எடுத்துடுங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். பட்டியலுக்காக என்றேன். அவ்வளவுதான், ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேப்டன் சுதர்சன் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்தை புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். "கிறுக்கச்சி" என்றார். சாதம் போட்டார். நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த அசோக் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவருக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது.

4 செப்டம்பர், வியாழன். குரும்பலூர்

வளைகாப்பு. அனுமதிப் படிவத்தில் "வெளியூர் செல்லும் காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் யோசித்து, "வளையல் அணிவிக்கும் விழா" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். "இது அவசியமான பயணமா?" என்று ரஞ்சித்குமார் திருப்பிக் கேட்டான். "வந்து எங்க அம்மாவிடம் கேட்டுப் பார்" என்று பதில் போட்டேன். உடனே அனுமதி வந்துவிட்டது.

இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். எழுதும்போது இடிக்கிறது.

19 செப்டம்பர், வெள்ளி

முடிவு வந்துவிட்டது. இரண்டு வழி.

ஒன்று, வேலைநீக்கம். உண்மையை மறைத்துப் பறந்தேன் என்று உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அதற்கப்புறம் எந்தக் கம்பெனி கதவைத் திறக்கும்?

இரண்டு, புது ஒப்பந்தம். மறுபடி பறக்கத் தொடங்கும் நாளிலிருந்து எட்டு வருடம். முதல் நான்கு வருடம் கேப்டன் பட்டியலுக்கு மனுப் போடவே கூடாது. இதுவரை பறந்த மூன்று வருடம் கணக்கில் வராது.

உண்மையைச் சொன்னதால் கொஞ்சம் குறைத்திருக்கிறோம் என்றும் ஒரு வரி. குறைத்தது எது என்று மூன்று முறை படித்தும் எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பறக்கத்தான் தெரியும் எனக்கு. சாட்சியாக அசோக், ஜாமீனாக அப்பா. இந்தத் தடவை அப்பா சுழி போடவில்லை. போட்டிருக்கலாம்.

11 நவம்பர், செவ்வாய். பெரம்பலூர்

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். என்ன சத்தம்!

7 ஜூன் 2026, ஞாயிறு. ஆண்டிமடம்

நாளை சென்னைப் பல்லாவரத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம். மருத்துவத் தகுதியும் சிமுலேட்டர் தேர்வும் முடிந்தாயிற்று. புதன்கிழமை முதல் பயணம், மதுரைக்கு. கேப்டன், பாலாஜி. போன வருடப் பட்டியலில் எனக்கு அடுத்த பெயர். "நீங்க வர்றீங்கன்னு பாத்தேன், சந்தோஷம் தென்றல்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நல்ல பையன். இனி அவனை "கேப்டன்" என்று கூப்பிட வேண்டும்.

அசோக் வேலையை விட முடியாது. சனி, ஞாயிறு வருவார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வருகிறார். வருவாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரே துணிமணியைக் கட்டிவைத்துவிட்டார்.

சாயங்காலம் தோப்புச் சாவியைப் பக்கத்துக் கொல்லைக்காரி தனத்திடம் கொடுக்கப் போனார். நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தனம் போன பிறகும் அத்தை கிளம்பவில்லை. ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா போன பின்னால் பதினாறு வருடம் தனியாளாகப் பார்த்த தோப்பு.

"எத்தன வருஷம்னு சொன்ன?"

"எட்டு அத்தை."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப பாப்பா மூணாப்பு முடிச்சிருப்பா. எனக்கு எழுவத்தொண்ணு." பாப்பாவை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலியே" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீங்க இங்கயே இருங்க அத்தை, அங்க நான் ஒரு ஆள் வெச்சுக்கிறேன்" என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் சரி என்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. அவர் முன்னால் நடந்தார், நான் அவருடைய பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.