மோட்டார் நிற்கும் இடம்

தம்பிக்கு,

உன் இசை ஆல்பத்துக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டதாம். பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அதை வெட்டி என் கிளினிக் சுவரில் ஒட்டிவிட்டேன். பல் விளக்குவது எப்படி என்ற படத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஒட்டினேன்.

காத்திருப்பவர்களுக்கு அந்த ஆல்பத்தைத்தான் போடுகிறேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை, சிந்தசைசர் மட்டும் பனி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பல்வலியோடு வந்தவர்கள்கூடத் தூங்கிவிடுகிறார்கள்; தட்டி எழுப்பித்தான் உள்ளே கூப்பிடுகிறோம்.

மூன்றாவது டிராக்கில் நம் பழைய வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் சத்தத்தைச் சேர்த்திருந்தாய் அல்லவா? அது சட்டென்று நின்றதும் வருகிற நிசப்தத்தைத்தான் பத்திரிகைக்காரர் வாய் ஓயாமல் புகழ்கிறார். நீ ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது அப்பா கோபத்தில் சுவிட்சை அணைத்ததுதான் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நேற்று அப்பாவைப் பல் காட்ட அழைத்து வந்தேன். ஓடிக்கொண்டிருப்பது உன் ஆல்பம் என்று நான் சொல்லவில்லை. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நின்றதும், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பினார்.

"இது என் பையன் போட்டது. அந்த இடத்துல ஆஃப் பண்ணது நான்தான்."

வருகிற வெள்ளிக்கிழமை மாலையும் அவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பல்லில் ஒரு கோளாறும் இல்லை.

அக்கா