செபஸ்தியின் கடைவாய்ப்பல்

கடலடி நிலையம். முதல் நாள், காலை.

இதைக் கண்டெடுப்பவர் கவனத்திற்கு: நான் வேதவல்லி. எலும்புகளின் காலத்தைக் கணிப்பவள். எனக்கே வயது எழுபத்தொன்று. உடன் இருப்பவர் மூழ்குநர் செபஸ்தி ஒருவரே. கடல் கொண்ட பழங்கரையிலிருந்து அவர் எடுத்து வந்த தாழியில் முழு எலும்புக்கூடு. இறந்த உடலில் கதிரியக்கக் கரிமம் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். கருவி பொய் சொல்கிறதா என்றறிய, உயிருள்ளவர் ஒருவரின் பல்லையும் உடன் அளப்பது வழக்கம். செபஸ்திக்குச் சென்ற வாரம்தான் ஒன்று பிடுங்கினார்கள்.

"ஆட்டுப் பல்லு கிடைக்கலியா டாக்டரம்மா?" என்றார்.

ஆடு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாது என்றேன்.

எலும்பு 2,800 ஆண்டுகள். பல் பூஜ்யம். இரண்டிலும் பாதியைச் சரிபார்ப்புக்காகக் கரை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள், நண்பகல்.

மறு அளவீடு. எலும்பு 1,900. பல் 900. கருவியைத் திட்டினேன். செபஸ்திக்கு மூட்டு வலியாம். நாற்பதில் எல்லோரும் பாடும் பாட்டுத்தான்.

நான்காம் நாள், காலை.

கருவியைச் சுத்தம் செய்து மீண்டும் அளந்தேன். எலும்பு 700. பல் 2,100. கூட்டுத்தொகை மட்டும் மாறவில்லை. செபஸ்தியின் தலை முழுவதும் வெளுத்திருக்கிறது.

"அளந்து அளந்தே என்னை முடிச்சிராதீங்க டாக்டரம்மா." கேலியாகத்தான் சொன்னார். எழுந்து உட்கார அவரால் முடியவில்லை.

ஐயம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்பதே எங்கள் பயிற்சி. நான் அளக்கும் ஒவ்வொரு முறையும் எலும்பின் முதுமை பல்லுக்கும், பல்லுக்கு உரியவருக்கும் போகிறது. கருவியை அணைத்துவிட்டேன். இனி யாரும் அளக்காவிட்டால் அவர் பிழைப்பார்.

நான்காம் நாள், மாலை.

கரைக்குச் செய்தி: "உங்களிடம் உள்ள பாதியை அளக்காதீர்கள்."

கரை ஆய்வகத்து நிருபனின் பதில்: "ஒரே ஆய்வகத்தோட முடிவை நம்பாதேன்னு நீங்கதானே மேடம் பாடம் எடுத்தீங்க? கருவியில ஏத்தியாச்சு."

எடுத்துவிடு என்று கத்தினேன். இணைப்பு அறுந்துவிட்டது.

ஐந்தாம் நாள்.

இணைப்பு மீண்டதும் கரையிலிருந்து: "எலும்பு பூஜ்யம், பல் 2,800. சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்களா மேடம்? வயசாகுதுல்ல!"

மாற்றவில்லை. செபஸ்தியின் கட்டிலில் கிடப்பதைக் கணிக்கக் கருவி தேவையில்லை, தொட்டால் பொடிகிறது.

தாழி வைத்த அறையில் யாரோ இருமுகிறார். இப்போது கதவருகே வந்துவிட்டார். அவர் பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. உங்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அவர் என்னைக் கேட்