செல்வி பிடித்திருந்த கை

ஆவணி, புதன்கிழமை.

அப்பாவின் சாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரை இந்த மாதப் பத்திரிகையில் வருகிறது. மாலையில் அதைத் தங்கை செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, கடைசில அப்பா கையப் புடிச்சினு இருந்தது நானு. நீ பஸ்ல இருந்த. நீ புடிச்சினு இருந்ததா எழுதி வச்சிருக்கியே?"

"கட்டுரைக்கு ஒரு காட்சி வேணும்டி. படிக்கிறவங்க மனசுல நிக்கணும் இல்ல?"

"அப்ப கதைனு போட்டுக்க. கட்டுரைனு போடாத."

வைத்துவிட்டாள். கட்டுரையைத் திறந்து அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். காட்சி, உரையாடல், வர்ணனை எல்லாம் கட்டுரையிலும் வரலாம் என்று படித்திருக்கிறேன். நடக்காததை நடந்ததாக எழுதலாம் என்று எங்கும் படிக்கவில்லை. அவளுக்கென்று இருந்த அந்தக் கடைசி நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டேன். "நாளைக்குக் காலைல அச்சுக்குப் போவுதுங்க. ஒம்போது மணிக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க," என்றார்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அப்பா இறந்த அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. அப்பா போனபோது நான் டிரைவரைத் திட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தவள் செல்வி.

ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டாள், நீலக் குறி விழுந்துவிட்டது. ஏதோ டைப் செய்கிறாள். நிறுத்துகிறாள். மறுபடி டைப் செய்கிறாள். இன்னும் ஒன்றும் வரவில்லை.