பெண்கள் பக்கத்து வீடியோ

அன்பு மச்சான் ஜாபர் சாதிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திருப்பாலைக்குடியிலிருந்து மாஷிதா. இங்கன பிள்ளைகளும் மாமியும் சுகம். நான் கோபமா இருக்கேன். போனில் பேசினால் நீங்க ஸ்பீக்கரில் போட்டு, தோஹா ரூமில் கூட இருக்கிற ஆறு பேரும் கேக்குறாங்க. அதான் லீவு முடிஞ்சு அங்கன வார பாக்கர் அண்ணன் கையில், கவரை நல்லா ஒட்டிக் கொடுத்து விடுறேன்.

கல்யாண வீடியோ எடுக்க நீங்க அனுப்பின 4கே கேமராவைக் குறை சொல்லலை. ஆனா அதில் எடுக்கிற வீடியோ நம்ம லேப்டாப்பில் ஓடலை. ஒரு வெட்டு வெட்டினால் திரை அப்படியே நின்னுபோகுது. ராமநாதபுரத்தில் கடை வச்சிருக்கிற ராம்குமார்கிட்ட ரெண்டு நாள் உக்காந்து நாலு சாப்ட்வேரைப் பார்த்து, ஒண்ணு முடிவும் பண்ணினேன். அது பெரிய வீடியோவுக்குச் சின்ன நகல் போட்டுக்கும். நகலில் வெட்டி ஒட்டினால் போதும், கடைசியில் ஒரிஜினலிலேயே முடிச்சுக் கொடுத்துரும். நெட்டே வேண்டாம், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

நீங்க கேட்டீங்களா? உனக்கு என்ன தெரியும், ஃப்ரீயா கிடைக்கிறதை விட்டுட்டு எதுக்குக் காசு கட்டணும்னீங்க. அங்கன இருந்தே லேப்டாப்புக்குள்ள நுழைஞ்சு, உங்க மெயில் ஐடியில் வேற ஒண்ணை ஏத்திவிட்டீங்க. அதுவும் நகல் போடும்தான். போட்ட நகலை நெட் வழியா உங்க கணக்கில் கொண்டுபோய் வைக்கும்னு எனக்கு யாரும் சொல்லலை.

போன வெள்ளிக்கிழமை நீங்களே சந்தோஷமா சொன்னீங்க. நஸீஹா கல்யாணத்தில் மருதாணி போட்டதை அருமையா எடுத்திருக்கேனாம். ரூம் டிவியில் போட்டு, என் பொண்டாட்டி வேலைன்னு எல்லாருக்கும் காட்டினீங்களாம்.

அது பெண்கள் பக்கம் மச்சான். மாப்பிள்ளையோட வாப்பாகூட அந்தக் கூடத்தை எட்டிப் பார்க்கலை. பொம்பளைங்க முக்காடு இல்லாம சிரிச்சுப் பேசிக்கிட்டும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டும் இருந்தாங்க. எடுக்கிறது மாஷிதாதானேன்னு இருந்தாங்க. தொண்டி வரைக்கும் என்னைக் கூப்பிடுறது என் கேமராவுக்காக இல்லை, எடுத்தது என் கையை விட்டுப் போகாதுங்கிறதுக்காக. அந்த நம்பிக்கை போச்சுன்னா எனக்குத் தொழிலே இல்லை. அதைக் கொண்டுபோய் ஆறு ஆம்பளைங்களுக்கு நடுவுல போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்லையா உங்களுக்கு? படிச்ச மனுசன்தானே நீங்க?

உங்க சாப்ட்வேரை எடுத்துட்டேன். ராம்குமார் காட்டினதைப் போட்டாச்சு. நெட் வயரைப் பிடுங்கி வச்சுட்டுத்தான் வேலையில் உக்காருறேன். உங்க கணக்கில் கிடக்கிறதை என்னால் அழிக்க முடியாது, பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கு. நீங்க அழிங்க. யாராவது போனில் இறக்கி வச்சிருந்தா, பக்கத்துல நின்னு அதையும் அழிக்க வைங்க. நாளைக்குப் பார்ப்போம்னு இருந்துராதீங்க.

நேத்து நஸீஹாவோட உம்மா வட்டிலப்பம் கொண்டு வந்தாங்க. அவங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரலை. அந்நிய ஆம்பளை கண்ணு படாம எடுத்துக் கொடுத்தேன்னு கையேந்தி எனக்கு துஆ செஞ்சாங்க. கேமரா வாங்கி அனுப்பின உங்களுக்கும் நீண்ட ஆயுசு கேட்டாங்க. ஆமீன் சொல்ல எனக்கு வாய் வரலை மச்சான். எல்லாத்தையும் அழிச்சுட்டு அந்த ஆமீனை நீங்க சொல்லிக்கோங்க.

வஸ்ஸலாம்.

உங்கள்
மாஷிதா